புதிய ரிவால்வரில் பழுது இருந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் பெயரையும் முகவரியையும் இந்தப் பகுதியில் வெளியிடுவதில்லை. எனவே கேள்வி கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): மீன் ஏலத் தொழில் செய்கிறேன். விடியற்காலையில் பணத்துடன் போய்வர வேண்டியிருப்பதால் தற்காப்புக்காக உரிமம் பெற்று, .32 ரிவால்வர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். ஹேமரை (பின்புறமுள்ள சுத்தியலை) பின்னுக்கு இழுக்கும்போது, தோட்டா வைக்கும் ஆறு அறைகளில் இரண்டில் சிலிண்டர் (அந்த அறைகள் உள்ள உருளை) முழுமையாகத் திரும்பி நிற்பதில்லை. விரலால் சற்றே தள்ளிவிட்டால்தான் 'டக்'கென்று பூட்டிக்கொள்கிறது. சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தபோது சில தோட்டாக்கள் வெடிக்கவும் இல்லை. விற்ற கடைக்காரரோ, "புதுசு சார், சுடச் சுடச் சரியாகிவிடும்" என்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பழுது நீங்கும் வரை அந்தத் துப்பாக்கியால் இன்னொரு முறை சுடவும் வேண்டாம்.

ரிவால்வரில் ஹேமரை ஒருமுறை பின்னுக்கு இழுத்தால், உள்ளேயிருக்கும் ஒரு சிறிய நெம்புகோல் சிலிண்டரின் பின்புறத்திலுள்ள பல்லைத் தள்ளி, ஆறு அறைச் சிலிண்டரை அறுபது பாகை திருப்புகிறது. அந்தத் திருப்பம் முடியும் இடத்தில், கீழிருந்து எழும் ஒரு பூட்டு, சிலிண்டரின் வெளிப்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்துக்குள் விழுந்து, தோட்டா இருக்கும் அறையைக் குழலுக்கு நேராக நிறுத்திவிட வேண்டும். ஹேமர் முழுவதுமாகப் பின்னுக்கு வந்து நிற்பதற்குள் இந்தப் பூட்டு விழுந்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் துப்பாக்கியில் இரண்டு அறைகளில் அது நடக்கவில்லை. அந்த நிலையில் சுட்டால், குண்டு குழலின் வாயில் நேராக நுழையாமல் விளிம்பில் உரசும்; சீவப்பட்ட ஈயத் துணுக்குகள் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகப் பக்கவாட்டில் தெறித்து, அருகில் நிற்பவரின் முகத்திலோ கையிலோ பாயும். விலகல் பெரிதாக இருந்தால் துப்பாக்கியே உடையவும் கூடும்.

சுடச் சுடச் சரியாகும் என்ற வாதம் இந்தப் பழுதுக்குச் சற்றும் பொருந்தாது. பழக்கத்தில் சரியாகக்கூடியவை உண்டு: டிரிகர் விறைப்பாக இருப்பது, ஹேமர் இழுக்கும்போது கரகரப்பது போன்றவை. ஆனால் சிலிண்டரைத் தள்ளும் நெம்புகோலும் பல்லும் தேயத் தேய, தள்ளும் தூரம் குறையுமே தவிர அதிகரிக்காது. இன்று இரண்டு அறைகளில் சற்றே பின்தங்கும் சிலிண்டர், சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு நான்கு அறைகளில் பின்தங்கும்.

இருந்தாலும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கியில் துருப் பிடிக்காமல் இருக்கக் கெட்டியான மசகு பூசியிருப்பார்கள். கடைப் பெட்டியில் பல மாதம் கிடந்தால் அது பிசினாக இறுகி, சிலிண்டர் சுழலும் அச்சிலும், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளையிலும் அடைத்துக்கொள்ளும். புதிய ரிவால்வரில் பழுது என்று வரும் புகார்களில் இந்த மசகினால் வருபவையும் உண்டு. ஆகவே முதலில் எல்லாத் தோட்டாக்களையும் எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, காலியாக இருப்பதை உறுதி செய்தபின், துப்பாக்கிக் கடையில் விற்கும் சுத்தம் செய்யும் திரவத்தால் மசகைத் துடைத்தெடுங்கள்; பிறகு மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் தடவி, மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். திருகுகள் எதையும் கழற்ற வேண்டாம்.

அதன்பின் சோதனை. சிலிண்டரில் ஒவ்வொரு அறையின் வெளிப்புறத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைச் சுவர் போன்ற பாதுகாப்பான திசையில் பிடித்தபடி, இடது கை விரலைச் சிலிண்டரின் மேல் மெல்ல வைத்து, அது தானாக ஓடிவிடாமல் சிறிது தடை கொடுத்தவாறே, ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே போய்ப் பூட்டில் விழுந்துவிடும், பழுது தெரியாது. கடையில் காட்டும்போது 'சடக் சடக்'கென்று இழுத்துக் காட்டுவதன் இரகசியமும் இதுதான். ஒவ்வொரு அறையிலும் பூட்டு விழும் ஓசை ஹேமர் நிற்கும் முன் வருகிறதா, பின் வருகிறதா, வரவே இல்லையா என்று தாளில் குறித்துக்கொண்டு, ஆறு அறைகளையும் மூன்று சுற்று சோதியுங்கள். ஹேமரை இறக்கும்போது காலி அறையின் மேல் ஓங்கி விழவிடாமல், கட்டை விரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள். மூன்று சுற்றிலும் அதே இரண்டு எண்கள் பின்தங்கினால், அந்த இரண்டு பற்களும் தொழிற்சாலையிலேயே தவறாக வெட்டப்பட்டவை. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு எண்கள் பின்தங்கினால் அழுக்கோ மசகோ இன்னும் மிச்சமிருக்கிறது. ஆறுமே பின்தங்கினால் நெம்புகோலின் நீளம் போதவில்லை. இந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு உதவும்.

வெடிக்காத தோட்டாக்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். தோட்டாவின் அடியில் நடுவிலிருக்கும் கேப்பில் ஃபயரிங் பின் பதித்த குழியை வெளிச்சத்தில் பாருங்கள். குழி ஆழமாக, நடுவில் விழுந்தும் வெடிக்கவில்லையென்றால் குறை தோட்டாவில்தான். குழி மேலோட்டமாக இருந்தால், ஹேமரை முன்னுக்குத் தள்ளும் மெயின் ஸ்பிரிங் வலுவில்லாமலோ, ஃபயரிங் பின் குட்டையாகவோ, மசகில் சிக்கியோ இருக்கிறது. குழி ஆழமாக இருந்தும் ஓரமாக விழுந்திருந்தால், அது முன்னே சொன்ன சிலிண்டர் பழுதின் தடயம். உங்கள் இரண்டு புகார்களும் ஒரே காரணத்தால் வந்தவை என்று அப்போது கொள்ளலாம். இதை எழுதும்போதே எனக்கு அந்தச் சந்தேகம்தான் இருக்கிறது.

சுடுதளத்தில் டிரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால், உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலை இலக்கை நோக்கியே பிடித்தபடி குறைந்தது அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. வழக்கத்தைவிட மெலிதாக 'பொத்'தென்ற ஓசை வந்தாலோ கூடுதல் ஆபத்து: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வேறு பேச்சு.

கேள்வி (நெல்லிக்குப்பம் வாசகர்): எனக்கும் இதே போன்ற சிக்கல். எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் கைதேர்ந்தவர். சர்க்கரை ஆலை இயந்திரங்களுக்கே பாகம் செய்து கொடுப்பவர். "பல்லை லேசாக ராவிவிட்டால் போதும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் பழுது பார்ப்பது 25-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம்; 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. உங்கள் நண்பரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அரம் பட்ட பல்லைப் பார்த்ததும் தயாரிப்பாளர், "இது எங்கள் குறையில்லை, நீங்கள் கைவைத்ததால் வந்தது" என்று சொல்லிவிடுவார். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. இந்தப் பல்லை ராவினால் உலோகம் குறையும். உங்களுக்குத் தேவைப்படுவதோ கூடுதல் உலோகம். சரியான வழி, பாகத்தையே மாற்றிப் பொருத்துவது.

கேள்வி (பண்ருட்டி வாசகர்): முந்திரி வணிகம் செய்கிறேன். உரிமம் கிடைத்திருக்கிறது, இன்னும் வாங்கவில்லை. கடையிலேயே எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: வாங்கிய பின் கேட்பதைவிட வாங்கும் முன் கேட்பது எவ்வளவோ மேல். துப்பாக்கியின் எண் உங்கள் உரிமப் புத்தகத்தில் ஏறும் வரை அது கடைக்காரரின் சரக்கு. ஏறிவிட்டால் உங்கள் பொறுப்பு. அந்தப் பேனாவை அவர் எடுக்கும் முன் உங்கள் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

முதல் கேள்விக்குச் சொன்ன மெதுவாக இழுக்கும் சோதனையைக் கடைக்காரரின் அனுமதியோடு அங்கேயே செய்யுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். அடுத்து, காலித் துப்பாக்கியின் ஹேமரை முழுவதுமாக இழுத்து நிறுத்திவிட்டு, டிரிகரைத் தொடாமல், ஹேமரின் பின்புறத்தைக் கட்டை விரலால் முன்னோக்கி ஓரளவு அழுத்தத்தோடு தள்ளிப் பாருங்கள். அது விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்குமேல் எந்தச் சோதனையும் தேவையில்லை.

நம் நாட்டில் விற்கும் .32 ரிவால்வர்களில் பல, நடுவில் மடங்கித் திறக்கும் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் மேல் கொக்கி முழுமையாக விழுந்து பிடிக்கிறதா, பிடித்தபின் குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கீலில் ஆட்டம் தெரிகிறதா என்பது முக்கியம். புதிய துப்பாக்கியில் ஆட்டமே இருக்கக் கூடாது. திறக்கும்போது ஆறு வெற்றுத் தோட்டா உறைகளையும் தள்ளிவிடும் நட்சத்திர வடிவப் பாகம் ஒழுங்காக எழுந்து, ஒழுங்காகத் திரும்பி உட்கார வேண்டும். பாதியில் நின்றால் சிலிண்டர் சுற்றாது.

பண்ருட்டியில் எந்த மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடமும் இருக்கும் ஃபில்லர் கேஜ் (மெல்லிய தகடுகளால் சந்தை அளக்கும் கருவி) ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள சந்து பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. அதைவிடக் குறைந்தால், சில தோட்டாக்கள் சுட்டதும் சூட்டாலும் கரியாலும் சிலிண்டர் இறுகி நின்றுவிடும். மிகவும் கூடினால் வாயு பக்கவாட்டில் சீறும், குண்டின் வேகமும் குறையும். ஆறு அறைகளிலும் அளந்து பாருங்கள், ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் அளவு வெகுவாக மாறினால் சிலிண்டரின் முகம் சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது. சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகர்ந்தால் சரியில்லை.

துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும், பில்லில் எழுதியிருக்கும் எண்ணும், உரிமத்தில் எழுதப்போகும் எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். அழுத்தச் சோதனை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்துக் குத்தும் முத்திரை அது. உலோகம் தாங்கும் என்பதற்கு மட்டுமே அது சான்று. சிலிண்டர் சரியாகத் திரும்பும் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. முத்திரையைக் காட்டி "எல்லாம் சோதித்தாயிற்று" என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்த வேறுபாட்டைப் பணிவாகச் சொல்லலாம்.

கேள்வி (கடலூர் தேவனாம்பட்டினம் வாசகர்): வாங்கி இரண்டு மாதத்துக்குள் சிலிண்டரில் செம்புள்ளிகள். இது தொழிற்சாலைக் குறையா?

பதில்: பெரும்பாலும் கடற்காற்று. தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. வீட்டில் எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்தபோது புள்ளிகள் இருந்திருந்தால் மட்டுமே அது கடைக்காரரின் பொறுப்பு.

கேள்வி (புதுச்சேரி இலாசுப்பேட்டை வாசகி): என் பெயரில் உரிமம் பெற்று வாங்கிய ரிவால்வரில் ஹேமர் தானாக விழுகிறது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறது என்று கூறிக் கடைக்காரர் கையை விரிக்கிறார். "துப்பாக்கிக்கெல்லாம் நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்றும் சொல்கிறார்.

பதில்: அம்மா, முதலில் அந்தத் துப்பாக்கியைக் காலி செய்து பூட்டி வையுங்கள். தானாக விழும் ஹேமர், இந்தப் பகுதியில் பேசிய எல்லாப் பழுதுகளிலும் மிக ஆபத்தானது.

நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் என்ற சொல்லுக்குத் துப்பாக்கி விலக்கு இல்லை. மறுவிற்பனைக்கோ வணிகப் பயன்பாட்டுக்கோ அல்லாமல், தற்காப்புக்காக விலை கொடுத்து வாங்கியவர் நுகர்வோரே. தரத்திலோ தன்மையிலோ இருக்க வேண்டியதில் உள்ள எந்தக் குறைபாடும் பழுதுதான். பில்லில் அச்சிட்ட அந்த வரி, நல்ல பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குச் சொல்லப்படுவது. பழுதுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ, திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று அதே சட்டம் சொல்கிறது.

எனவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். துப்பாக்கியின் எண், வாங்கிய தேதி, பில் எண், பழுதை முதலில் கண்ட நாள், பழுது எப்படி வெளிப்படுகிறது என்ற விவரம், இவற்றோடு மாற்றித் தரவோ, பழுது நீக்கித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்டு, கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கடையில் வாய்ப்பேச்சாகச் சொன்னது எங்கும் நிற்காது. உரிய பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், தயாரிப்பாளர் வடநாட்டில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலுள்ள ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. சோதித்தால்தான் தெரியும் பழுது என்றால், ஆணையமே பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும். துப்பாக்கியில் யாரும் கைவைக்கக் கூடாது என்று மேலே வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

மாற்றித் தர ஒப்புக்கொண்டாலும், மிக்ஸியை மாற்றி வாங்குவதுபோல அன்றே கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. உங்கள் உரிமத்தில் பழைய துப்பாக்கியின் எண் இருக்கிறது. அதைக் கடைக்குத் திரும்ப ஒப்படைத்த விவரமும், புதிய துப்பாக்கியின் எண்ணும் உரிமத்திலும், உரிமம் வழங்கிய ஆட்சியர் அலுவலகத்தின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். உரிமத்தில் எண் ஏறாத துப்பாக்கி உங்கள் கையில் ஒரு நாள் இருந்தாலும் அது உரிமமில்லாத துப்பாக்கி. கடைக்காரரிடம் கடிதம் பெற்று, முதலில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உத்தரவாதக் காலத்தின் பாதி காவல் நிலைய அலமாரியிலேயே கழிந்துவிடக்கூடும். ஒப்படைக்கும் இரசீதில், பழுதான நிலையிலேயே ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கடலூர் மஞ்சக்குப்பம் வாசகர்): பழுது பார்க்கும் உரிமமுள்ள கடை சென்னையில்தான் இருக்கிறது. எனக்கு வயது எழுபத்திரண்டு. பயணம் செய்ய முடியவில்லை. என் டிரைவரிடம் கொடுத்து அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவே இதற்கு வழி செய்திருக்கிறது: உரிமம் பெற்றவர் உடன் இருந்தாலோ, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் இருந்தாலோ, உரிமமில்லாத ஒருவர் பழுது பார்ப்பதற்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். கடிதத்தில் உங்கள் உரிம எண், துப்பாக்கி எண், டிரைவரின் பெயர், எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில், பழுது பார்ப்பதற்காக என்ற விவரங்கள் எல்லாம் இருக்கட்டும். உரிமத்தின் நகல், பில்லின் நகல், கடை அனுப்பிய கடிதம் ஆகியவற்றையும் இணைத்துவிடுங்கள். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில் செல்ல வேண்டும். தோட்டா எதையும் கூட அனுப்பாதீர்கள். கடைக்காரர் பெற்றுக்கொள்ளும்போது துப்பாக்கியின் எண்ணும் பழுதின் விவரமும் எழுதிய இரசீது தராமல் டிரைவர் அங்கிருந்து நகரக் கூடாது.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் டிரைவர் வழக்கம்போலக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் வண்டியைத் திருப்புவார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிச் சற்று தூரத்தில் முள்ளோடை வந்ததும் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று புதுச்சேரி மண்ணிலேயே வண்டி ஓடி, நகரைக் கடந்து கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. உங்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்ற இடத்தில் தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால், முள்ளோடைச் சோதனைச் சாவடியில் உங்கள் கடிதத்தை வைத்து டிரைவரால் விளக்கம் சொல்லி மாளாது. அப்படியானால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் செல்லச் சொல்லுங்கள். தூரம் சற்றுக் கூடும்; தமிழ்நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டியிருக்காது. புதுச்சேரி வழியாகத்தான் போக வேண்டுமென்றால், அந்தப் பகுதியையும் சேர்த்துத் தரும்படி ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே மனுச் செய்து, எழுத்துமூல அனுமதி கைக்கு வந்தபிறகு அனுப்புங்கள்.